வெலிங்டன் ஆந்தையும் கோனார் உரையும்

குன்னம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் "குன்னூரா? குளிர் எப்படி?" என்பார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிற பெரம்பலூர் மாவட்டத்து ஊர் எங்களுடையது. குளிருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. 2021 டிசம்பர் 8 அன்று இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன் போன் போட்டு, "நம்ம ஊர்லயாண்ணே ஹெலிகாப்டர் விழுந்துச்சு?" என்று பதறினான்.

விழுந்தது குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேரை அந்த விபத்து கொண்டுபோனது. அவர்களில் ஒரு வாரம் உயிருக்குப் போராடி இறந்த குரூப் கேப்டன் வருண் சிங், ராவத் போய்க்கொண்டிருந்த வெலிங்டன் கல்லூரியில் ஆசிரியர். அது குன்னூரை ஒட்டிய முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரி. சூலூரிலிருந்து கிளம்பிய ராவத் அங்கே உரையாற்ற வேண்டியிருந்தது. மறுநாள் செய்தித்தாள்கள் அதை 'ராணுவப் பயிற்சிக் கல்லூரி' என்று எழுதின. படைக்காரர்கள் ஸ்டாஃப் காலேஜ் என்பார்கள். அங்கே துப்பாக்கி சுடவோ அணிவகுக்கவோ சொல்லித்தருவதில்லை. பத்து, பன்னிரண்டு வருடம் படையில் இருந்த மேஜர் நிலை அதிகாரிகளை ஏறக்குறைய ஒரு வருடம் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லும் இடம் அது. ஆகவே 'பயிற்சி' என்றது பிழை என்று அப்போது நினைத்தேன். அந்தக் கல்லூரியைப் பற்றி வாசிக்க வாசிக்க, அந்தச் சொல் தெரியாமலே உண்மையைத் தொட்டுவிட்டது என்று படுகிறது. தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்வது பயிற்சி. தெரியாதது எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் கல்வி. வெலிங்டன் முதலாவதில் கெட்டி. இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

குன்னத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் பக்கத்து மைதானத்துக்கு வந்தால் தெரியும். இருபது பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் ஆள்சேர்ப்பில் முதல் பிரிவு. பிறகு பீம் எடுக்க வேண்டும். வெறுங்காலோடு ஓடுகிறவனும் உண்டு. ஸ்டாப்வாட்சோடு ஓரமாக நிற்பவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அந்த ரெஜிமெண்டின் மையமும் வெலிங்டனில்தான். "ரெக்ரூட்டா இருந்தப்ப கீழேருந்து பார்ப்போம் தம்பி, அந்த ஆபீசருங்க வீட்டுல ராத்திரி ஒரு மணிக்கும் லைட்டு எரியும்" என்பார். "என்னதான் எழுதுவாங்களோ. ஆனா ஆர்டர் ஒழுங்கா எழுதி வந்தா பாதி உசுரு பொழைக்கும்." இந்தப் பையன்களின் உசுரும் அந்த விளக்கு வெளிச்சத்தில் எழுதப்படுவதில் அடக்கம்.

அந்தக் கல்லூரியின் கதை 1905இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போனது. 1947இல் நாடு பிரிந்தபோது கல்லூரியும் பிரிந்து, இந்தியப் பங்கு நீலகிரி ஏறியது. முதல் தளபதி ஜோ லென்டெய்ன், பர்மாக் காட்டில் சிண்டிட் படையை நடத்தியவர். 1950இல் முப்படைக்குமான கல்லூரி ஆனது. இரண்டு கல்லூரிகளும் ஆந்தையையே சின்னமாக வைத்துக்கொண்டன. ஆந்தை அலறினால் கதவைச் சாத்துகிற ஊரிலிருந்து வந்த எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது அறிவின் பறவை. 'அறிவால் போர்' என்பது வெலிங்டனின் சமஸ்கிருத முழக்கத்தின் பொருள்.

அங்கே கற்றுத்தருவதில் முதுகெலும்பானது 'அப்ரிசியேஷன்' எழுதுவது. நோக்கம் என்ன, நிலமும் நேரமும் வானிலையும் என்ன சொல்கின்றன, எதிரிக்கு என்னென்ன வழி திறந்திருக்கிறது, நமக்கு என்ன வழி, ஆகவே திட்டம் என்ன என்று ஒரே ஒழுங்கில் எழுதுவது. பார்ப்பதற்கு வாய்ப்பாடு போலத் தெரியும். ஆனால் தவாங்கில் இருந்த அதிகாரி மறுநாள் ஜெய்சல்மேர் தலைமையகத்தில் போய் உட்கார்ந்தாலும் அங்குள்ள கோப்பை ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார் என்றால் இந்த ஒழுங்குதான் காரணம். குண்டு விழும்போது நடை அழகு பார்த்து உத்தரவு எழுத முடியாது. இரண்டாவது பலம் தோழமை. ஏறக்குறைய 480 பேர், அவர்களில் முப்பது நாற்பது பேர் வெளிநாட்டினர், குடும்பத்தோடு ஒரே மலையில் ஒரு வருடம் இருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிண்டிகேட்டில் மாலுமியும் விமானியும் காலாட்படைக்காரரும் ஒரே மேசையில் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தப் பழக்கம் இருபது வருடம் கழித்து ஒரு போன் அழைப்பில் காரியம் முடிக்கும். 2024இல் மூன்று படைகளிலிருந்தும் 40 பேரைத் தனிப் பிரிவாக்கிக் கூட்டுப் பாடத்திட்டம் கொடுத்தது இந்தப் பலத்தை இன்னும் ஓரடி நகர்த்தியிருக்கிறது. 1950இலிருந்து ஒரே கூரையில் இருந்தவர்களுக்கு இதைச் செய்ய முக்கால் நூற்றாண்டு ஆனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குறை எங்கே என்றால், மதிப்பெண்ணில். தரைப்படையில் இந்தக் கல்லூரிக்குள் நுழைவதற்கே போட்டித் தேர்வு: போர்த்தந்திரத்தில் இரண்டு தாள், நிர்வாகமும் மனவுறுதியும், ராணுவச் சட்டம், போர் வரலாறு, நடப்புச் செய்திகள். 2022இல் முதன்முறையாகப் பெண் அதிகாரிகளும் இந்தத் தேர்வில் வென்றார்கள். நிரந்தரப் பணி நியமனம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல் வென்றதன் பலன் அது. நுழைந்தபின் வாங்கும் கிரேடு பதவி உயர்வில் நிழல்போலக் கூடவே வரும். மேலே போகப் போகக் கூம்பும் படையில், ஒரு பாயிண்ட் குறைந்தால் கர்னலோடு நின்றுவிடலாம். இந்த நிலையில் புத்திசாலி மாணவர் என்ன செய்வார்? சரியான விடையைத் தேட மாட்டார், 'டி.எஸ்.' எனப்படும் ஆசிரியர் கையில் வைத்திருக்கும் விடையைத் தேடுவார். போன வருடத்துக்காரர் விட்டுப்போன விடைகளுக்குப் படையில் பி.சி.கே. என்றே பெயர், முந்தைய கோர்ஸ் அறிவு. நம் பள்ளிக்கூடத்துக்குக் கோனார் உரை எப்படியோ, வெலிங்டனுக்கு பி.சி.கே. அப்படி. கோனார் உரையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, நானும் அதில் பாஸானவன்தான். ஆனால் அதைப் படித்து யாரும் செய்யுளைச் சந்தேகப்பட்டதில்லை.

இதை வெளியே இருந்து பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். வெலிங்டனில் படித்துத் திரும்பிய அமெரிக்க அதிகாரிகளைப் பேட்டி கண்டு டேவிட் ஸ்மித் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மனப்பாடமும் 'பள்ளி விடை'யும் மேலோங்கி, சுயமாக யோசிப்பது பின்தங்குகிறது என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் குறை. அவரே அதற்குமுன் குவெட்டாவைப் பற்றியும் எழுதியிருந்தார், அங்கும் கிட்டத்தட்ட இதே புகார். பிரிந்துபோன அண்ணன் தம்பி இருவரும் அப்பாவின் இருமலை மட்டும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டது போல. அனித் முகர்ஜி 2019இல் எழுதிய நூல் வேறொரு குறையைத் தொடுகிறது: ஆசிரியர்கள் எல்லாரும் இரண்டு மூன்று வருட மாற்றலில் வரும் படை அதிகாரிகள், மாணவரைவிடச் சில வருடமே மூத்தவர்கள், பேராசிரியர் என்று முழுநேரமாக இருக்கும் படைசாராதவர்கள் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு படிப்பவர்களுக்கு முதுநிலைப் பட்டம் தருகிறது. பட்டம் மலையேறி வருகிறது, பேராசிரியர்கள் வருவதில்லை.

பேராசிரியர்களைக் கொண்டுவந்தால் தீர்ந்துவிடுமா? அமெரிக்கா 1986இல் சட்டமே போட்டு முப்படைக் கூட்டுக் கல்வியைப் பதவி உயர்வோடு கட்டியது, அதன் படைக் கல்லூரிகளில் வரலாற்றாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. அதே படைதான் 2003இல் பாக்தாத்தைப் பிடித்தபின் அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றது. நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது, தமிழர்களுக்கு ஆறாத உதாரணம். ஜெனரல் சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர். வெலிங்டனிலும் அமெரிக்காவின் ஃபோர்ட் லீவன்வொர்த்திலும் படித்தவர், அணு ஆயுதப் போரைப் பற்றி யாரும் பேசாத காலத்தில் அதிகாரிகளை எழுதவைத்து விவாதித்தவர். சுதந்திர இந்தியாவின் தளபதிகளில் அவரைப் போல் படித்தவர் அரிது. அவர் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தபோதுதான் 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படையினர் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். புலிகளின் தலைவர்களைப் பிடிப்பது திட்டம். அவர்கள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவில் முப்பது பேர், உயிரோடு மிஞ்சியவர் ஒருவர். அந்த அப்ரிசியேஷனில் 'எதிரிக்குத் திறந்திருக்கும் வழிகள்' என்ற பத்தியில் என்ன எழுதியிருந்தார்கள் என்று எனக்குப் பார்க்க ஆசை.

பார்க்க முடியாது. வெலிங்டன் வகுப்பறையின் பெரிய பஞ்சம் அதுதான்: சொந்தத் தோல்வியின் காகிதங்கள். 1962இல் சீனாவிடம் தோற்றதை விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. போர் வரலாறுகளை ஐந்து வருடத்துக்குள் தொகுக்க வேண்டும், ஆவணங்களை 25 வருடத்தில் திறக்க வேண்டும் என்று ஒரு கொள்கையே 2021இல்தான் வந்தது. ரோமலின் ஆப்பிரிக்கப் போரைக் கரைத்துக் குடித்தவர்கள், கூப்பிடு தூரத்து யாழ்ப்பாணத்தை நினைவுக் குறிப்புகளில் தேட வேண்டியிருக்கிறது. 2013இல் இரண்டு இலங்கை அதிகாரிகள் வெலிங்டனில் படிக்க வந்தபோது முதல்வர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2009இல் ஈழத்தில் நடந்ததை மறக்காதவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம். எனக்கு அதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது: அவர்களை வைத்துக்கொண்டு, இந்திய அமைதிப்படை செய்ததையும் அவர்கள் படை செய்ததையும் அந்தச் சிண்டிகேட் மேசையில் மனம்விட்டுப் பேசவாவது செய்தார்களா?

பேசினாலும் கேட்பதற்கு ஆள் வேண்டும். பிரிகேடியர் ஜான் டால்வி 1962இல் நாம்கா சூ ஆற்றங்கரையில் தன் படையோடு சிதைந்து சீனர்களிடம் சிறைப்பட்டவர். அவர் எழுதிய 'ஹிமாலயன் பிளண்டர்' வெலிங்டன் வகுப்பறையில்தான் தொடங்குகிறது. அவர் அங்கே மாணவராக இருந்தபோது, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி நடந்துகொண்டிருந்த வகுப்பை நிறுத்திவிட்டுச் சீனாவைப் பற்றி எச்சரிக்கிறார். எச்சரிக்கை கேட்டவர்கள் மேஜர்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். மானெக்‌ஷா அந்தக் கல்லூரியின் தளபதியாக இருந்தபோது அவர் பேச்சுக்காகவே விசாரணை வைத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர் குற்றமற்றவராக வெளியே வந்தார். பத்து வருடம் கழித்து, 1971 ஏப்ரலில், தரைப்படைத் தலைமைத் தளபதியாக, இப்போது போருக்குப் போனால் தோற்போம் என்று பிரதமர் முகத்துக்கு நேரே மறுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தானில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். அந்த 'முடியாது' எந்த டி.எஸ். விடைத்தாளிலும் இருந்திருக்காது.

அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் தளபதிகளும் சேர்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1960இல் டெல்லியில் தொடங்கிய தேசியப் பாதுகாப்புக் கல்லூரியில் பிரிகேடியர்களோடு ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளும் படிக்கிறார்கள், ஆனால் வருடத்துக்குச் சுமார் நூறு பேர், அதுவும் தலை நரைத்தபின். கார்கில் போருக்குப்பின் இதை விரிவாக யோசித்தவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்தவர், குன்னமும் 1995 வரை திருச்சி மாவட்டம்தான் என்பதால் எங்களூர்க்காரர் என்று உரிமை கொண்டாடிக்கொள்கிறேன். அவர் தலைமையிலான குழு தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தைப் பரிந்துரைத்தது. 2010இல் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. 2013 மே மாதம் ஹரியானாவில் பினோலா கிராமத்தில் இருநூறு ஏக்கருக்கு மேல் நிலத்தில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2016இல் வரைவு மசோதாவை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். சட்டம் இன்னும் வரவில்லை. இடையில் 2020இல் குஜராத்தில் உள்துறையின் கீழ் வேறொரு ரக்‌ஷா பல்கலைக்கழகம் வந்துவிட்டது. சுப்ரமணியம் கேட்டது அது அல்ல.

இதையெல்லாம் போன வாரம் மைதானத்து ஓரத்தில் ஹவில்தார் ஐயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் காதில் விழுந்திருக்கிறது. "அந்தக் காலேஜுக்கு நாம போக முடியுமா சார்?" என்றான்.

"சிப்பாயா சேர்ந்து, ஏ.சி.சி. பரீட்சை எழுதி டேராடூன் போயி, ஆபீசராகி, பத்து வருஷம் கழிச்சு அங்க போனவன் இருக்கான்டா" என்றார் அவர், ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி. "நீ இப்ப ஆறு நிமிஷம் பத்து செகண்டு. திரும்பப் போய் கோட்டுல நில்லு."