பறம்பில் கண்ட கேண்மை

பாரி என்றால் தேர். தேர் என்றால் முல்லை! பள்ளி மாணவன் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை பறம்புமலைத் தலைவனைப் பற்றி அறிந்தது இவ்வளவே. கொடி தவித்தது, கொற்றவன் கண்டான், தேரை ஈந்தான், வள்ளல் எனப் பெயர் பெற்றான். பாடம் முடிந்தது, மணி அடித்தது! அவனோடு வாழ்ந்த கபிலரோ, பாரியின் நண்பர் என்ற ஒரு வரிக் குறிப்போடு ஓரத்தில் ஒதுக்கப்படுகிறார்.

அந்த ஒரு வரிக்குள் ஓர் உலகமே ஒடுங்கிக் கிடக்கிறது. வேற்றிடத்திலிருந்து வந்த புலவர் ஒருவர் மலைமக்களிடையே எவ்வாறு உறவினர் ஆனார்? எதைக் கேட்டு அவரை ஏற்றார்கள்? எதைக் கேட்காமலே ஏற்றார்கள்? இந்த வினாக்களோடு புறநானூற்றைப் புரட்டுவோம். 1894-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய நாள்தொட்டுத் தமிழர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும் நூல் அது. பாடநூல் மறைத்ததை அது மறைக்கவில்லை.

மலை தந்த சோறு

மலையைப் பாடிய புலவர் பலர். தொலைவில் நின்று பாடினோர் முகிலைக் காண்பர், அருவியைக் காண்பர், வியப்பர், விலகுவர். கபிலர் பாட்டில் அடுப்பு இருக்கிறது. 108-ஆம் பாட்டைப் பாருங்கள். குறத்தி ஒருத்தி அடுப்பில் விறகு மூட்டுகிறாள், அது சந்தனக்கட்டை. அதன் புகை பக்கத்துச் சாரலில் உள்ள வேங்கையின் பூங்கிளையிலே தவழ்கிறது. நகரத்துச் செல்வர் மார்பில் பூசும் பொருள், மலைமகளுக்கு உலைமூட்டும் கொள்ளி! இதை அரண்மனை மாடத்தில் அமர்ந்து எழுத இயலுமா? அந்த அடுப்பருகே அமர்ந்து பழகியவரின் கண் அது.

109-ஆம் பாட்டில் மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டு நிற்கின்றனர். அவர்களை நோக்கிக் கபிலர் கணக்குச் சொல்கிறார். உழாமல் விளையும் உணவு நான்கு உண்டு எங்களிடம்: மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வயல்களை வளைத்துக்கொண்டால் வயிறு காயும், வணங்கிவிடுவார்கள் என்று எண்ணினரே, அந்த எண்ணத்துக்கு விடை இது. கோட்டையின் உயரத்தையோ, படையின் பெருக்கத்தையோ அவர் முதலில் எண்ணவில்லை. குறவர் உண்ணும் உணவை எண்ணினார். மக்கள் எதை உண்டு உயிர் வாழ்கின்றனர் என்று அறிந்தவனே அம்மக்களுக்கு உரியவன்.

அவர் உண்டதையும் அவரே மறைக்கவில்லை. பறம்பைப் பிரிகையில் பாடிய 113-ஆம் பாட்டிலே, கள் நிறைந்த சாடிகளையும், ஆட்டுக்கிடாய் அடித்துச் சமைத்த ஊன்சோற்றையும் நன்றியோடு நினைக்கிறார். சேரமான் செல்வக்கடுங்கோ தம் கையைப் பற்றி, மென்மையாக இருக்கிறதே என்றபோது, கறியும் சோறும் உண்பதையன்றி வேறு கடுந்தொழில் அறியாத கை இது என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறார் 14-ஆம் பாட்டில். பிறப்பால் அந்தணர், பந்தியில் பறம்பினர்! உடனுண்ண மறுப்பவன் உறவு கொண்டாட முடியாது என்ற எளிய உண்மையை அவர் வாழ்ந்தே காட்டினார்.

கேளாத கேள்வி

இனி, நாம் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருவோம். பாரியையும் பறம்பையும் கபிலர் பாடிய பாட்டுக்கள் 105 முதல் 120 வரை அமைந்துள்ளன; இடையில் 112 மட்டும் பாரிமகளிர் பாடியது. அவற்றில் எங்கேனும் தம்மை அந்தணன் என்று கபிலர் சொல்லிக்கொள்கிறாரா? இல்லை. எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை! 106-ஆம் பாட்டு, எருக்கம்பூவைச் சூட்டினாலும் கடவுள் வேண்டாம் என்பதில்லை, அதுபோல எளியவர் வந்தாலும் பாரி புறந்தள்ளான் என்கிறது. கடவுள் உவமை நமக்கு வேண்டுவதன்று. அதனுள் இருக்கும் மாந்தப் பண்பு வேண்டும். வந்தவனின் தகுதியை அளந்து வாயில் திறக்கும் வழக்கம் அங்கே இருந்ததில்லை.

110-ஆம் பாட்டில், பறம்பின் முந்நூறு ஊரும் முன்பே இரவலர்க்குப் போய்விட்டன, எஞ்சியிருப்பவர் நானும் பாரியும், அப்புறம் இந்தக் குன்று என்று வேந்தரிடம் விளம்புகிறார். என்னே துணிவு! தலைவனையும் தம்மையும் ஒரே தட்டில் வைக்கிறார். பரிசில் பெற வந்தவன் பேசும் பேச்சா இது? வீட்டுக்காரன் பேசும் பேச்சு!

முற்றுகை நீண்டபோது கபிலர் பறவைகளைப் பழக்கி வெளியிலிருந்து நெற்கதிர் கொணரச் செய்தார் என்னும் செய்தி அகநானூற்றின் 78, 303 ஆகிய பாட்டுக்களைக் கொண்டு பேசப்படுகிறது. ஒரு மலைக்கே பறவைகள் சோறு சுமந்தன என்பதைப் பகுத்தறிவு ஏற்கத் தயங்கும். ஆயினும் கதையின் கருவைக் கவனியுங்கள். நக்கீரர் கபிலரை நினைத்தபோது, பரிசில் வாங்கிச் சென்ற பாவாணராக நினைக்கவில்லை. பசித்த மக்களோடு முற்றுகைக்குள் இருந்து, அவர்தம் பட்டினிக்கு வழிதேடிய ஒருவராக நினைத்தார். உறவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூடிய வாயில்கள்

பாரி மாண்டான், பறம்பு பறிபோயிற்று. 116-ஆம் பாட்டிலே பாரிமகளிர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். முள்வேலியிட்ட சிறு வீடு. சுரைக்கொடி படர்ந்த முற்றம். அங்கே குப்பைமேட்டில் ஏறி நின்று உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகிறார்கள் அப்பெண்கள். பறம்பின்மேல் நின்று பகைவேந்தர் குதிரைகளை எண்ணிய காலமும் ஒன்று இருந்தது! ஒப்பாரி வைக்காமலே உள்ளத்தை உலுக்கிவிடுகிறார் புலவர்.

அம்மகளிர்க்கு மணமகன் தேடி விச்சிக்கோனிடம் செல்கிறார் (200). இருங்கோவேளிடம் செல்கிறார் (201, 202). அவ்வாயில்களில் நின்ற கபிலரின் குரலைக் கேளுங்கள். பறம்பில் ஒருநாளும் சொல்லாத சொல் அங்கே வருகிறது: நான் அந்தணன்! பறம்புப் பாட்டுக்களில் ஓரிடத்தும் பேசாத தேரும் முல்லையும் அங்கேதான் வருகின்றன. இருங்கோவேளின் குலப்பெருமையையும் ஓத வேண்டியிருக்கிறது: வடபுலத்து முனிவன் ஒருவனின் வேள்விக்குண்டத்தில் தோன்றிய மரபாம், நாற்பத்தொன்பது தலைமுறையாம்! நெருப்பிலே பிள்ளை பிறக்குமா என்று கேட்கும் நிலையில் அன்று அவர் இல்லை. இரண்டு பெண்களின் வாழ்வு அவர் நாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாரியைப் பாட எந்த வேள்விக்குண்டமும் தேவைப்படவில்லை. குறத்தியின் அடுப்பு போதுமானதாயிருந்தது! பிறப்பைச் சொன்னால்தான் பேச்சே தொடங்கும் என்ற இடம் வேறு. பிறப்பைச் சொல்ல வாய்ப்பே வராத இடம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கபிலரின் பாட்டுக்கள் அளந்து காட்டுகின்றன. இத்தனை சொல்லியும் வாயில்கள் திறக்கவில்லை. மூவேந்தர் சினத்துக்கு அஞ்சினர் என்பது வழங்கிவரும் விளக்கம்.

இங்கே இன்னொன்றையும் எண்ண வேண்டும். மலைவாழ்வே தூய வாழ்வு, மலை ஏறினால் மனிதர் நல்லவராகிவிடுவர் என்று உருகி எழுதும் உல்லாசப் பயணிகள் உண்டு. விச்சிக்கோனும் மலைத்தலைவன்தான். அவன் மலையிலும் பலா பழுக்கிறது. பழத்தை உண்ட கடுவன் தன் மந்தியோடு மூங்கில் நுனியில் உறங்குகிறது. அதே பலா, அதே மூங்கில். ஆனால் தந்தையை இழந்த பெண்களுக்கு அங்கே இடமில்லை! எனவே உறவைத் தந்தது மலையின் உயரமன்று. பறம்பு மக்கள் தேர்ந்துகொண்ட வாழ்க்கைமுறை தந்தது.

குறையும் கூறுவோம்

போற்றுவது மட்டும் திறனாய்வு ஆகாது. இருங்கோவேளின் முன் நின்று, நான் இவர்களின் தந்தைக்குத் தோழன், இவர்கள் என் மகளிர் என்று கபிலர் உரைப்பது உயர்ந்த நெஞ்சின் உரை. ஆயினும் அம்மகளிர் விரும்பியது யாரை என்று ஒரு பாட்டிலும் கேட்கப்படவில்லை. தம் துயரைத் தாமே பாடவல்ல புலமை அவர்களுக்கு இருந்தது என்பதற்கு 112-ஆம் பாட்டு சான்று. பாடத் தெரிந்தவர்க்குத் தம் வாழ்வைத் தேரத் தெரியாதா? இறுதியில் அவர்களைப் பார்ப்பாரிடம் சேர்த்தார் கபிலர் என்கிறது 236-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ, பாரிமகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. அடிக்குறிப்பு ஒன்று சொல்லக் கல்வெட்டு வேறொன்று சொல்கிறது. அப்பெண்கள் சொன்னது எதுவும் எங்கும் பதிவாகவில்லை!

பிற்காலக் கதைகள் அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சூட்டின. 2007-இல் வெளிவந்த 'சிவாஜி' திரைப்படம் அப்பெயர்களை இரு பெண்களுக்குச் சூட்டி, அவர்தம் கறுப்பு நிறத்தைக் கேலிப்பொருளாக்கிக் கொட்டகையைச் சிரிக்க வைத்தது. கறுப்பு மக்களின் நாட்டில் கறுப்புக்குக் கேலி! விச்சிக்கோன் வாயிலை மூடினான். நாமோ நகைக்கவும் கற்றுக்கொண்டோம்.

236-ஆம் பாட்டில் கபிலர், உன்னோடு நான் வராதபடி என்னை இருக்கச் சொல்லிவிட்டாயே என்று பாரியிடம் பிணங்குகிறார்; மறுபிறவியிலும் உடனுறையும் வாழ்வை வேண்டி, வடக்கிருந்து உயிர்விடத் துணிகிறார். அந்த அன்புக்குத் தலைவணங்குவோம். மறுபிறவியை ஏற்கமாட்டோம், உண்ணாதிருந்து மாய்வதை நட்பின் இலக்கணம் என்று இளைஞர்க்குச் சொல்லவும் மாட்டோம். இறந்த தோழனுக்குச் செய்யும் கடன், அவன் வாழ்ந்த நெறியை வாழவைப்பதே.

இன்றும் ஏறும் வழிகள்

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அன்றைய பறம்பு என்பர். பறம்புகள் இன்றும் பல. கொல்லிமலை, கல்வராயன்மலை, சவ்வாதுமலை, சித்தேரி என்று மக்கள் வாழும் மலைகள் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றை நோக்கி இருவகை வழிகள் செல்கின்றன. ஒன்று வேந்தர் சென்ற வழி. 1992 சூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அவ்வழியேதான் புகுந்தன. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லி ஊரைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்களைச் சிதைத்தனர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர்; அவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குறத்தியின் அடுப்பிலே எரிந்த சந்தனம், அவள் வழிவந்தோர்க்குக் குற்றச்சாட்டாக மாறிய கொடுமையை என்னென்பது!

மற்றொன்று கபிலர் சென்ற வழி. படித்த இளைஞர்களே! ஆசிரியராகவோ, செவிலியராகவோ, அலுவலராகவோ நீங்கள் மலையேறும் நாள் வரலாம். அறிவு கொடுக்கப் போகிறோம் என்ற செருக்கை அடிவாரத்திலேயே இறக்கிவையுங்கள். அவர்கள் உண்பதை உண்ணுங்கள்; அவர்கள் மொழியும் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்; முற்றுகை வந்தால் அவர்கள் பக்கம் நில்லுங்கள். அவர்கள் ஒருவேளை உங்கள் சாதியைக் கேட்கமாட்டார்கள். நீங்களும் அதைச் சொல்லாதிருங்கள்.