திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சுற்றிலும் கடைகள் நெருக்குவதால் தேடித்தான் படிக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. மீதி 263 பேரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நம் நன்றியுணர்வு இன்றைக்கும் ஏறக்குறைய அந்தக் கல்வெட்டின் அளவிலேயே நிற்கிறது. தேசியக் கொடி போர்த்தி ஊருக்கு வரும் உடலைப் பார்க்கத் தெருவே திரண்டு அழுகிறது. அது உண்மையான துக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினைந்து, பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்குள் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு நாம் என்ன செய்கிறோம்?

பரவலாக இருக்கும் வழக்கம் கொடிநாள். 1949-இல் மத்திய அரசின் குழு ஒன்று முடிவெடுத்ததன்படி ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைக்கும் மூன்று நிறம் தாங்கிய சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டுப் பணம் வாங்குகிறார்கள். இந்த நிதியின் பெரிய பலம், அது போய்ச் சேரும் இடம். ஓய்வூதியம் பெறப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். அதை முடிக்காமல் வெளியே வந்தவருக்கு முதுமையில் கையில் ஒன்றும் இருக்காது. அப்படி 65 வயதைத் தாண்டிய சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் மாத உதவி, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம், விதவைகளுக்கு ஆதரவு என்று விதிகளின் இடுக்கில் விழுந்தவர்களை இந்த நிதி தாங்குகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இதற்கு வழியாக இருக்கின்றன. ஆகவே கொடிநாளை வெறும் சடங்கு என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறை, வசூலிக்கும் விதத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் இலக்கு. அதைத் துறைவாரியாகப் பங்கு போடுகிறார்கள். அலுவலகத்துக்கு வேறு வேலையாக வந்தவரிடம் ரசீதை நீட்டினால், எதற்கென்று கேட்காமலே அவர் பணத்தை எடுக்கிறார். கொடிகள் குண்டூசியோடு மேஜை டிராயரிலேயே கிடக்கின்றன. பணம் வந்துவிடுகிறது, கொடுத்தவர் மனதில் எந்தப் படைவீரரின் முகமும் வருவதில்லை. அடுத்த தெருவிலேயே ஒரு படைவீரர் இருப்பார், அதுகூடக் கொடுத்தவருக்குத் தெரியாது.

தெருவில் 'மிலிட்டரிக்காரர்' என்று ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பதும் பல இடங்களில் ராணுவக் கேன்டீன் சரக்குக்காகத்தான். அவருடைய ஒதுக்கீட்டில் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்கத் தயங்காதவர்கள், அவர் எங்கே பணியாற்றினார் என்று ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். ஓய்வூதியம் நிற்காமல் வர, தாம் உயிரோடு இருப்பதற்கான சான்றை அவர் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ரேகை தேய்ந்துபோன விரலைக் கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார், நடக்கவில்லை. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண், "தாத்தா, வெளிச்சத்துக்கு வாங்க, கண்ணைச் சிமிட்டுங்க" என்று தன் போனிலேயே முகத்தைப் பதிவுசெய்து முடித்துக் கொடுத்தாள். பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் சொன்ன லடாக் குளிரைப் பற்றிக் கேட்டாள். அன்றாட வாழ்வில் நன்றி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் பார்த்ததில்லை. ஆள் தெரிகிறது, தேவை தெரிகிறது, கேட்கக் காது இருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தனிமனிதரின் கனிவு எவ்வளவு நல்லதானாலும் உரிமைக்கு ஈடாகாது. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015-இல் முதிய வீரர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு டில்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மேடையில் சால்வை போர்த்துவதை அவர்கள் கேட்கவில்லை. கணக்கைச் சரிசெய்யச் சொன்னார்கள். மரியாதைப் பேச்சு மிகுந்தால், 'இவ்வளவு மதிக்கிறோமே' என்ற நிறைவில் இந்தக் கணக்கு மறந்துபோகும். நன்றி பாராட்டும் பழக்கத்தில் நான் அஞ்சுவது இதைத்தான்.

இப்போது கணக்கு இன்னும் கடினமாகியிருக்கிறது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. முதலில் சேர்ந்தவர்களின் நான்கு ஆண்டு 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்குகிறது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகும் ஊர் என்று பேர்பெற்ற கம்மவான்பேட்டை, அதே வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களுக்கு இனி இருபத்தைந்து வயதுக்காரர்களும் 'முன்னாள்' என்ற பட்டத்தோடு வருவார்கள். ஏ.டி.எம். வாசலில் ஒரு காவலாளி நாற்காலிதான் அவர்களுக்கு என்று இருந்துவிடக் கூடாது. கொடிநாளில் வசூல் இலக்கு போடும் ஒவ்வொரு அலுவலகமும், ஒவ்வொரு தொழிற்சாலையும், இவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கப் போகிறோம் என்றும் ஓர் எண்ணை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.