900 கிலோவும் 1,200 கிராமும்

2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யைத் திண்டுக்கல்லில் பார்த்தேன். சேவுகம்பட்டியிலிருந்து போன எங்களில் கைதட்டாதவர் ஒருவருமில்லை. நானும் தட்டினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

லோகேஷ் கனகராஜுக்குத் தொழில் தெரியும். ஒரே ராத்திரி, ஒரு லாரி, அதில் நினைவிழந்து கிடக்கும் போலீஸ் அதிகாரிகள். பத்து வருஷச் சிறைக்குப் பின் மகளைப் பார்க்கப் புறப்பட்ட டில்லி லாரியை ஓட்டுகிறான். பாட்டில்லை, காதலில்லை. தமிழ் சினிமாவில் இந்தக் கட்டுப்பாடு அபூர்வம். ஆனால் கட்டுப்பாடு மட்டுமே கலையாகிவிடாது.

இத்தனை சாவும் கமிஷனர் அலுவலகத்துக்கு அடியில் பதுக்கிய 900 கிலோ கொக்கெய்னுக்காக. அது யாருக்குப் போக இருந்தது, யார் வீட்டில் என்ன செய்யும் என்பதில் படத்துக்கு அக்கறையில்லை. மருந்து கலந்த மதுவில் மயங்கி விழுகிறவர்கள் போலீஸ்காரர்கள். அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும் மாணவர்கள் வந்ததும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால்தான். கொக்கெய்னுக்குப் பதில் தங்கக் கட்டியை வைத்திருந்தாலும் கதை அப்படியே நடக்கும்.

நான் பாங்கில் நகைக்கடன் மேஜையில் உட்காருகிறவன். எடை எனக்கு வெறும் எண் அல்ல. ஒரு பெண் இரண்டு பவுன் சங்கிலியோடு வந்தாள். மகன் 1,200 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டிருந்தான். வக்கீலுக்குப் பணம் வேண்டும். 1985-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு. தண்டனை அதிகபட்சம் ஒரு வருஷம். அதைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போகலாம். “நகையில கல்லு, அரக்கெல்லாம் கழிக்கிறீங்களே சார், அதுமாதிரி காம்பு, விதையெல்லாம் கழிக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள். நான் ரசீதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த 200 கிராம் நம் சினிமாவுக்குத் தென்படவில்லை. 2018-இல் வந்த நெல்சனின் ‘கோலமாவு கோகிலா’ சிரிப்புப் படம்தான். என்றாலும் தாய்க்குப் புற்றுநோய், மகளிடம் பணமில்லை, ஆகவே கடத்தல் என்று அதில் ஒரு குடும்பக் கணக்கு இருக்கிறது. பிறகு படம் கணக்கை விட்டுவிட்டுச் சாமர்த்தியத்தில் இறங்கிவிடுகிறது. ஆனால் போட்ட கணக்கு போலியல்ல.

‘கைதி’யிலும் ஒரு மனிதர் உண்டு: ஜார்ஜ் மரியான் நடித்த கான்ஸ்டபிள் நெப்போலியன். புதிதாக மாற்றலாகி வந்தவர். பயந்துகொண்டே அலுவலகத்தைக் காக்கிறார். அந்தப் பயத்துக்கு ஒரு எடை இருக்கிறது. டில்லியின் வீரத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை. தனியாளாய் ஒரு கும்பலையே அடித்து வீழ்த்துகிறவனிடம் இழப்பதற்கு என்ன இருக்கிறது? மகள் இருக்கிறாள் என்று படம் சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான்.

2022-இல் ‘விக்ரம்’ வந்தபோது சரக்கு கண்டெய்னர் கணக்குக்கு உயர்ந்துவிட்டது. எண் பெருகப் பெருக மனிதன் சிறுத்துக்கொண்டே போகிறான். போதைப்பொருளைப் பற்றிய படம் என்று இவற்றைச் சொல்வது, பெட்டகத்தின் படத்தைக் காட்டி வறுமையைப் பற்றிப் பேசுவது போல.

சங்கிலி இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது. போன மாதம் அவள் வட்டி மட்டும் கட்டிவிட்டுப் போனாள்.