தேய்த்த குழாய்

தெளிவான அக்ரிலிக் குழாய்க்குள் எல்இடி பட்டையைச் செருகினால் தெரிவது வெறும் புள்ளி வரிசை. மீட்டருக்கு 60 விளக்குகள் என்றால் புள்ளிக்குப் புள்ளி சுமார் 17 மில்லிமீட்டர். அதைக் கரைக்க 320ஆம் எண் உப்புத்தாளும் தண்ணீரும் போதும். வித்தை தேய்க்கும் திசையில் இருக்கிறது. கீறல் தனக்குக் குறுக்கேதான் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே நீளவாக்கில் இழுக்காமல் வளையம் வளையமாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் புள்ளிகள் நீளவாக்கில் பரவி ஒன்றோடொன்று கலக்கும். ஈரம் இருக்கும்வரை பலன் தெரியாது, கீறல்களைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. துடைத்துக் காயவிட்டதும் வெண்மை பூக்கும், அந்த நொடிக்காகவே தேய்க்கலாம்! கடையில் விற்கும் பால்வெள்ளைக் குழாய் வேலையை மிச்சப்படுத்தும். வெளிச்சத்தையும் கொஞ்சம் தின்னும். குழாய் ரொம்ப ஒல்லியாக இருந்தால் மட்டும் எந்தத் தேய்ப்பும் பலிக்காது: விளக்குக்கும் தேய்த்த பரப்புக்கும் நடுவே அந்த 17 மில்லிமீட்டராவது வேண்டும்.