மூதாட்டி இளவரசியான கதை: குவாத்தமாலாவின் கவலைப் பொம்மைகள் குறித்த திறனாய்வு

குவாத்தமாலாவின் மேட்டுநிலங்களில் மாயா மக்கள் செய்யும் விரலளவேயான கவலைப் பொம்மைகள், 'துயர்நீக்கிகள்' எனப் பொருள்படும் 'கீத்தாபேனாஸ்' என்னும் ஸ்பானியப் பெயரால் வழங்குகின்றன. கம்பியையோ குச்சியையோ உடலாக்கி, நூல் சுற்றி, நெசவில் எஞ்சிய துணுக்குகளை ஆடையாக உடுத்துவர். உறங்கச் செல்லும் குழந்தை பொம்மையிடம் தன் கவலையைச் சொல்லித் தலையணைக்கடியில் வைத்தால், விடியும்போது கவலை நீங்கியிருக்கும் என்பது நம்பிக்கை.

இப்பொம்மைகளோடு ஒரு கதையும் விற்பனைச் சீட்டுகளில் பயணம் செய்கிறது. கவலை தீர்க்கும் வரத்தை இஷ்முகானே என்னும் மாயா இளவரசி சூரியக் கடவுளிடம் பெற்றாள் என்பது அக்கதை. இதனை அப்படியே தொன்மையான மாயா மரபாக எடுத்துரைக்கும் போக்கு ஏற்புடையதன்று. கிச்சே மாயா மக்களின் பொபொல் வூ நூலில் இஷ்முகானே இளவரசி அல்லள், குறிபார்க்கும் மூதாட்டி. மனிதரின் உடலாகும் மக்காச்சோளத்தை ஒன்பது முறை அரைப்பவளும் அவளே. அம்மூதாட்டியை இளமையாக்கியது சந்தையே எனக் கருத இடமுண்டு. (தொன்மம் ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம் துறைக்கும் புதிதன்று.)

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்நூலில் மக்காச்சோள மனிதருக்கு முன் மர உருவங்கள் படைக்கப்படுகின்றன. அப்படைப்பிற்குக் குறிபார்த்தவர்களுள் இஷ்முகானேயும் ஒருத்தி. அவ்வுருவங்கள் பேசின, பெருகின. ஆயினும் உள்ளமும் நினைவும் அற்றிருந்தமையால் வெள்ளத்தில் அழிக்கப்பட்டன. அவற்றின் சட்டிகளும் அரைகற்களும் நாய்களும்கூட அவற்றைத் தாக்கின. உள்ளமற்ற பொம்மையை மனிதனாக ஏற்க மறுத்த அம்மரபின் பெயராலேயே, பிறர் கவலையை இரவெல்லாம் சுமக்கும் பொம்மை விற்கப்படுகிறது. இம்முரணைச் சீட்டுக்கதை அறியாது. பொபொல் வூவை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் பாதிரியார் படியெடுத்தது சிச்சிகாஸ்தெனாங்கோவில். அவ்வூரின் வியாழன், ஞாயிறு சந்தைகளில் இன்று இப்பொம்மைகளும் கிடைக்கின்றன.

எனவே பொம்மையின் பொருளைக் கதையில் தேடுவதினும் அதன் துணியில் தேடுவதே தகும். மாயாப் பெண்கள் இடுப்புத் தறியில் நெய்யும் 'வீப்பில்' என்னும் மேலாடையின் கோலமும் வண்ணமும் உடுத்தியவரின் ஊரைச் சுட்டுபவை. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது. அடையாளங்காணப்பட்டோருள் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். அடையாளத்திற்கு அஞ்சி அந்நாளில் மரபுடையைக் கைவிட்டோரும் உண்டு. பொம்மைக்குச் சுற்றும் துணுக்கிலோ அவ்வடையாளம் வாசிக்க இயலாதவாறு நறுக்கப்பட்டுவிடுகிறது. நெய்தவளின் ஊர் மறைந்து, 'மாயா' என்னும் பொதுப்பெயர் மட்டுமே வாங்குவோர் கைக்குச் சேர்கிறது.