உடலும் உயிரும்: ஒரு பாடலின் நெடுவாழ்வு

நாடக மேடைக்கும் நடன அரங்குக்குமென எழுதப்படும் பாடல்கள் பெரும்பாலும் தோன்றிய பருவத்தோடு மறைந்து போவன. மிகச் சிலவே அடுத்த தலைமுறையின் செவிக்கு எட்டுகின்றன. அவற்றுள்ளும் ஒரு சில, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையிற் புகுந்து, இசைஞர் ஒவ்வொருவரும் எடுத்தாளும் நிலைபேறு எய்தின. அத்தகையனவற்றுள் முன்வைத்து எண்ணத்தக்கது 1930ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பொடி அன்ட் சோல்’ என்பது. ‘உடலும் உயிரும்’ என்பது அத்தலைப்பின் பொருள். இப்பாடல் எதனால் வாழ்கின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் வினா. விடை எளிதன்று. ஏனெனில், இதனைப் பெரும்புகழுக்கு உயர்த்திய இசைத்தட்டிற் பாடலின் சொற்களுள் ஒன்றேனும் இல்லை. மெட்டுந்தானும் தொடக்கத்திற் சிறிது நேரமே கேட்கின்றது.

பாடலுக்கு இசையமைத்தவர் ஜோனி கிறீன். 1908இற் பிறந்த இவர் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்று, பின்னர் இசையைத் தொழிலாகக் கொண்டவர். சொற்களை எழுதியோர் எட்வேட் ஹேமன், றொபேட் சவர், பிராங் எய்ற்றன் என்னும் மூவர். கேற்றூட் லோறன்ஸ் என்னும் ஆங்கில நடிகைக்கென ஆக்கப்பட்டமையால் முதலில் இலண்டனிற் பரவிய இப்பாடல், 1930 ஒக்ரோபரில் நியூ யோர்க் மேடையில் லிபி ஹோல்மன் பாட அமெரிக்காவிலும் புகழடைந்தது. அதே மாதத்தில் லூயி ஆம்ஸ்ற்றோங் அதனை இசைத்தட்டிற் பதிந்தார். கைகூடாக் காதலினால் வருந்தும் ஒருத்தியின் முறையீடே பாடலின் பொருள். அப்பொருள் புதியதன்று, யாப்புக்காகச் சொற்களின் இயல்பொழுங்கை வலிந்து மாற்றிய இடமும் அதில் உண்டு. சொல்வளம் ஒன்றே இதனைக் காத்தது என்று கூறுதல் பொருந்தாது.

இசையமைப்பை நோக்குவோம். பாடல் 32 தாளக்கட்டங்களை உடையது. எட்டுக் கட்டங்கொண்ட பகுதி ஒன்று இருமுறை வரும். வேறொரு நடுப்பகுதி இடையில் வரும். முதற்பகுதி மீண்டும் வந்து முடிக்கும். அக்காலப் பாடல்கள் பலவற்றுக்கும் பொதுவான அமைப்பே இது. ஆயின், நடுப்பகுதியிற் கிறீன் பொதுவழியை விட்டு விலகினார். ஆதாரசுருதி அரைச்சுரம் மேலேறுகின்றது; பின்னர் அங்கிருந்து ஒரு முழுச்சுரம் கீழிறங்குகின்றது; அதன்பின் சுரக்கூட்டுக்கள் அரையரையாய் நழுவித் தொடங்கிய இடத்தை வந்தடைகின்றன. சுரக்கூட்டு என்பது ஒரே வேளையில் ஒலிக்கும் சுரங்களின் தொகுதி. அவற்றின் வரிசையே மேனாட்டுப் பாடலுக்கு அடித்தளமாவது. இப்பாடலின் அடித்தளம், வல்ல இசைஞனுக்குச் சவாலாகவும் கேட்போனின் நினைவில் நிற்பதாகவும் ஒருங்கே அமைந்துள்ளது.

1939 ஒக்ரோபர் 11ஆம் நாள் நியூ யோர்க்கிற் கோல்மன் ஹோக்கின்ஸ் தம் சக்சபோனில் இதனை வாசித்துப் பதிந்தார். ஐந்து ஆண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்து அவ்வாண்டே தாயகம் மீண்டவர் அவர். பியானோவின் சிறு முன்னுரையை அடுத்து மெட்டைத் தொட்டுக்காட்டுகின்றார்; சில கட்டங்களுள் அதனை விடுத்து, சுரக்கூட்டுக்களின் வரிசையை மட்டும் பற்றிக்கொண்டு இரு சுற்றுக்கள் தம் கற்பனையிற் செல்கின்றார். மெட்டு மீண்டும் வருவதில்லை. மூன்று நிமிட அளவினதாகிய அத்தட்டினைப் பொதுமக்கள் விரும்பி வாங்கினர் என்பது வியப்புக்குரியது.

இதனைக் கேட்கும் நம்மவர்க்கு இராக ஆலாபனை நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அவ்வொப்புமையை நெடுந்தூரம் கொண்டுசெல்லலாகாது. ஆலாபனை இராகத்தின் இயல்பினின்று விரிவது. ஹோக்கின்ஸின் கற்பனையோ கட்டத்துக்குக் கட்டம் மாறும் சுரக்கூட்டுக்களுக்கு விடைகூறி நடப்பது.

இனி, பாடலின் தலைப்பையே உவமையாக்கி, மெட்டும் சொல்லும் உடல், சுரக்கூட்டு வரிசையே உயிர், உடலை நீத்தும் உயிர் வாழ்கின்றது என்று கூறுவாருளர். கேட்பதற்கு இனிய விளக்கமே, ஆயின் உண்மையன்று. காரணம் இரண்டு.

அதே 1930இல் வெளிவந்த ஜோர்ஜ் கேர்ஷ்வினின் ‘ஐ கொற் றிதம்’ என்னும் பாடலின் அடித்தளத்தை ஜாஸ் இசைஞர் எடுத்து, அதன்மேற் புதுமெட்டுக்கள் பலவற்றை அமைத்துப் புதுப்பெயர்களும் சூட்டினர். சனி றொலின்ஸின் ‘ஒலியோ’ அத்தகையது. அங்கே அடித்தளம் வாழ்ந்தது. பாடலின் பெயர் நீங்கிற்று. நம் பாடலுக்கோ அது பெருவழக்காகவில்லை. அதனை வாசித்தோர் பெயரையும் மெட்டையும் விடாது பேணினர். இது முதற் காரணம்.

1960இல் ஜோன் கோல்ற்றேன் இதனைப் பதிந்தபோது நேர்மாறான செயலைச் செய்தார். சுரக்கூட்டு வரிசையையே மாற்றியமைத்து, மெட்டைத் தெளிவாக நிறுத்தினார். உயிர் எனப்பட்டது மாறியபின்னும் பாடல் அதுவாகவே இருந்தது. இது இரண்டாவது காரணம்.

ஆகவே, பாடலின் வாழ்வு மெட்டில் மட்டுமோ அடித்தளத்தில் மட்டுமோ தங்கியிருக்கவில்லை. முன்பு கேட்ட மெட்டு செவியில் நிற்க, இப்போது கேட்கும் புதுமை அதனோடு உறழ்கின்றது. அவ்வுறழ்ச்சியிலேயே பாடல் வாழ்கின்றது. ஹோக்கின்ஸ் மெட்டை விடுத்தது அன்றைய கேட்போர் அதனை அறிந்திருந்தமையாலேயே இயன்றது. சொற்களும் அழிந்தொழியவில்லை. 1940இற் பில்லி ஹொலிடே அவற்றைப் பாடினார். 2011இல் முதியவரான ரொனி பெனற்றும் இளையவரான எமி வைன்ஹவுஸும் இணைந்து பாடினர். பாடிய சில திங்களில் வைன்ஹவுஸ் மறைந்தார். எடி ஜெபேசன் என்பார் ஹோக்கின்ஸின் கற்பனைக்கே சொற்கள் புனைந்து பாடினார். மெட்டின் இடத்தில் வந்த கற்பனை தானும் ஒரு பாடலாயிற்று.

ஈண்டு ஒரு நீதி வினாவும் எழுகின்றது. பாடலின் ஆசிரியராகக் குறிக்கப்படுவோர் நால்வர். ஹோக்கின்ஸின் பெயர் அங்கில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நாட்டின் அரும் ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக அவரது தட்டினை 2004இற் சேர்த்துக்கொண்டது. அச்சிறப்பு அவர் மறைந்து 35 ஆண்டுகளின் பின்னர் வந்தது. எழுதியவனை ஆசிரியன் என்றும் இசைத்தவனைத் தொண்டன் என்றும் பிரிக்கும் வழக்கு இத்தகைய ஆக்கத்துக்கு ஒவ்வாது என்பதை இப்பாடலின் வரலாறு காட்டுகின்றது.

பழைய ஆக்கமொன்றை மாற்றாது பேணுதலே அதற்குச் செய்யும் மரியாதை எனக் கருதுவோர் நம்முட் பலர். மாற்றியவன் மூலத்தை அறியாதவனாயின் அக்கருத்துச் சரியே. ஹோக்கின்ஸும் கோல்ற்றேனும் மூலத்தை முற்றக் கற்றபின் மாற்றியவர்கள். கற்றவன் கையில் மாற்றமும் பேணுதலாகும் என்பதற்கு இப்பாடல் தக்க சான்று.