பஞ்சாங்கமும் தொலைநோக்கியும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரத் தோட்டங்களில் கிரகணம் வந்தால் கோயில் நடை சாத்துவதும், கருவுற்ற பெண்கள் வெளிவராதிருப்பதும் பழைய வழக்கம். 2019 டிசம்பர் 26ஆம் நாள் சிலாங்கூரில் சூரியன் பெரும்பகுதி மறைந்தபோதும் அவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. இராகு விழுங்குவது மெய்யா என்று மாணாக்கர் வினவினால், 1633இல் கலிலியோ தண்டிக்கப்பட்ட கதையை ஆசிரியர் கூறுவர். நம்மவரிடையே அவ்வழக்கு நடந்த விதத்தைக் கூறுவோர் சிலரே.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் செமினரி ஒன்றை நிறுவினர். 1829 மார்ச் 20இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்திற்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் ஒன்று கூறியது. செமினரித் தலைவர் டானியல் பூவரின் ஐரோப்பியக் கணக்கு வேறொன்று கூறியது. தொடக்க வேளையிலும் மறைவின் அளவிலும் வேறுபாடு. அன்றிரவு வானம் பூவரின் பக்கமே நின்றது. பஞ்சாங்கம் பிழைத்தது, ஆகவே புராணம் பிழை, ஆகவே சைவமும் பிழை என்று மிஷனார் முடிவு கட்டினர்.

இத்தாவல் மிக நீளமானது. சித்தாந்தக் கணிதத்தில் இராகு பாம்பன்று. நிலவின் பாதை சூரியன் பாதையை வெட்டும் புள்ளி. ஆகவே அன்று தோற்றது பழைய எண். வென்றது புதிய எண். பூவர் கத்தோலிக்கர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் அவ்வாண்டிலும் கலிலியோவின் நூல் உரோமையின் தடைப்பட்டியலில் இருந்தது, 1835இல்தான் நீங்கியது. ஒரு கிறித்தவம் தடுத்த விண்ணூலையே மற்றொரு கிறித்தவம் படைக்கலமாக ஏந்தியது!

எல்லாம் முன்னோர் அறிந்ததே என்று மேடையில் முழங்குவோர் வாதமும் நிற்பதன்று. 1825இல் ஜான் வாரன் எதிரில் புதுச்சேரிக் கணிதர் ஒருவர் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளால் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. காகிதமும் கருவியும் இன்றி இது வியத்தற்குரியது. முடிவிலோ பிழை 52 நிமிடம். வாய்பாடு வழிவழி வந்தது. அதை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம் உடன் வரவில்லை.

அப்பழக்கம் நமக்கு அயலானதுமன்று. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, 1431இல் திருக்கணிதம் வகுத்தார். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று கோயில்களில் எழும் பூசல் அதன் தொடர்ச்சியே. வட்டுக்கோட்டை வழக்கைச் சமயத்தின் தோல்வி என்போர் இவ்வுட்பூசலைக் காணத் தவறுகின்றனர்.

கோல சிலாங்கூர் மாணாக்கர்க்கு இன்னொரு சான்று அருகிலேயே உண்டு. மெலாவாத்தி குன்றில் பிறை காணும் நிலையம் இருக்கிறது. நோன்பு மாதம் நெருங்கும்போது கணக்கு முன்னரே ஆயத்தமாயிருக்கும்; அதன் பின்னும் தொலைநோக்கியை மேற்கே திருப்பிப் பார்க்கின்றனர்.